அரை டிக்கெட்

நெதிமாலவிலிருந்து தெஹிவளை ஸ்டேஷனுக்கு
பதினான்கு நிமிஷம், எதிர்க்காற்று இல்லாவிட்டால்.
எதிர்க்காற்று இல்லாத நாள் இல்லை.
ஏழு பன்னிரண்டு எனக்காக நின்றதில்லை.
நான்தான் அதற்காக இரண்டு தரம் விழுந்திருக்கிறேன்.

மதிலோரம் ஒரு பலகை, மூன்று மொழியில்.
தமிழில்: துவிச்சக்கரவண்டி நிறுத்தத தடை.
விட்டுப்போன புள்ளியைச்
சைக்கிள் சாவியால் கீறி வைத்தவள் நான்.
பிறகு அதே பலகையின் காலில்
சங்கிலி போட்டுப் பூட்டினேன்.
பிழை திருத்தியவளுக்கு அவ்வளவு உரிமை உண்டுதானே.

பெற்றோல் வரிசை நாட்களில் வாங்கியது இது.
அப்போது அந்தப் பலகையடியில்
ஐம்பது சைக்கிள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்,
பாங்க் மனேஜரின் கியர் வைத்ததும்
பாண்காரரின் பெட்டி வைத்ததும்.
பெற்றோல் வந்தது. ஒவ்வொன்றாய்க் காணாமற்போயின.
மிச்சம் என்னுடையதும்
யாரோ ஒருவரின் சிவப்பு லுமாலாவும்.
ஆளை இன்னும் கண்டதில்லை.
மழைக்கென்று சீற்றில் கட்டிய பொலித்தீன் பையை மட்டும் காண்பேன்.
ஒருநாள் என் பையைக் காற்று கொண்டுபோனது.
மாலையில் வந்து பார்த்தால்
என் சீற்றில் வேறொன்று,
அதே முடிச்சு.

கோட்டையில் இறங்கினால் இன்னும் மூன்று கிலோமீற்றர்,
கிராண்ட்பாஸ் தேயிலைக் களஞ்சியம் வரை.
வெயிலில் நான் நடக்கிறேன்.
சைக்கிள் தெஹிவளையில்
கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஒருமுறை பார்சல் கௌண்டரில் கேட்டேன்.
விக்ரமபால மாத்தயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
தராசில் வைத்தார். பதினாறு கிலோ.
“உள்ளே என்ன?”
உள்ளே காற்று, மாத்தயா. டியூபுக்குள்.
எழுதினார்: பொதி ஒன்று.
என் பெயரைக் கம்பியால் ஹாண்டிலில் கட்டினார்.
நான் அன்றைக்கே போய்ச் சேர்ந்தேன்.
அது மறுநாள் பத்தரைக்கு வந்தது,
பின்சில்லு கோணி,
ஒரு கூடை கருவாட்டோடு.
ருசி பார்க்கும் டெரன்ஸ் இரண்டு நாளாய்
கோப்பைகள் வைத்த மேசைக்குக் கிட்ட
என்னை விடவில்லை.

பிறகு, வேலைநிறுத்தத்து வியாழன்.
தண்டவாளம் சும்மா கிடந்தது.
மரைன் டிரைவ் நெடுக மிதித்தேன்.
கடல் இடப்பக்கம், ரயிலில் போலவே,
ஜன்னல்தான் இல்லை, உப்பு நேரே வாய்க்குள்.
வெள்ளவத்தையில் மழை பிடித்தது.
பம்பலப்பிட்டியில் செயின் அறுந்தது.
காலி வீதிக்கு உருட்டிக்கொண்டு வந்தேன்.

நூறாம் நம்பர் பஸ். கதவில் தொங்கிய பொடியன்
கொட்டுவ கொட்டுவ பிட்டகொட்டுவ என்று
மழைக்கே இடம் இருக்கிறதாய்க் கூப்பிட்டான்.
என்னைப் பார்த்தான். சைக்கிளைப் பார்த்தான்.
தகரத்தில் இரண்டு தட்டு.
பின்கதவால் தூக்கி ஏற்றி
ஸ்பெயார் டயரோடு ரப்பர் பட்டியால் இறுக்கினான்.
ஒரு பெண் காலை மடக்கிக்கொண்டாள்.
பெடல் குத்திய ஒருவர்
அடுத்த ஹோல்ட் வரைக்கும் திட்டினார்.
அதற்குப் பிறகு
தன் குடையை ஹாண்டிலில் மாட்டினார்.

கோட்டைக்கு ஒன்று, என்றேன்.
ஒன்றரை, என்றான்.
“சில்லு ரெண்டுதானே, அக்கா.
நாலென்றால் முழு டிக்கெட்.”

ஈரமாய் இரண்டு துண்டுக் கடதாசி.
அரையை ஹாண்டிலில் செருகினேன்,
விக்ரமபாலவின் கம்பி
இன்னும் சுற்றியிருந்த இடத்தில்.
கொள்ளுப்பிட்டி தாண்டும்போது பஸ் ஒரு குழியில் விழுந்தது,
சைக்கிள் மணி தானாக ஒருதரம் அடித்தது.
டிரைவர் பிரேக் பிடித்து
கண்ணாடியில் பின்னால் பார்த்தார்,
யார் இறங்குவது என்று.