மெய்ப்பு

ஓஸ்டெண்ட் மீன் ஏலக்கூடத்தில்
முப்பத்தொரு வருடம் எடை எழுதியவள்
ஹோடலீவ வெர்கெஸ்ட்.
நாக்குமீன் பதினாறு கிலோ. இறால் நாற்பது.
பெட்டி ஒன்று உடைசல், கழிவு.
அதே பேரேட்டின் பின்பக்கங்களில்தான்
முதல் நாவல் எங்கள் அச்சகத்துக்கு வந்தது.
கட்டைப் பிரித்ததும் கடல் நாறியது.
முதலாளி ஜன்னலைத் திறந்தார்.
நான் சிவப்புப் பென்சிலைச் சீவினேன்.

மொத்தம் பதினொன்று. எல்லாம் நான் மெய்ப்புப் பார்த்தவை.
பூசைக்குப் போகிறவன் அல்ல நான்.
அதனால் ஒரு வம்புக்கு எண்ணிப் பார்த்தேன்:
பதினொன்றிலும் சேர்த்து
கடவுள் என்ற சொல் நான்கே முறை.
இரண்டு, வலை அறுந்தவன் வாயில், வசவாக.
ஒன்று, படகின் பெயர்.
நாலாவதுக்குப் பிறகு வருகிறேன்.

புரூஜ் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு கடிதம்:
வெளிச்சம் போதவில்லை.
பிரஸ்ஸல்ஸ் விமர்சகர் எழுதினார்:
சாம்பிராணிப் புகை தாங்க முடியவில்லை.
இரண்டையும் ஒரே குண்டூசியில் குத்தி
உப்பு ஜாடிக்கு மேலே மாட்டியிருந்தாள்.
நான் வாசிக்க வாசிக்க
முதுகைக் காட்டி உருளைக்கிழங்கு உரித்தாள்.
தோள் மட்டும் குலுங்கியது.

ஐந்தாம் நாவலில் ஒரு பையன் சாகிறான்.
ஏழாம் அத்தியாயம். கால்வாயின் மேல் மெல்லிய பனிக்கட்டி.
எழுதி முடித்த மாலையே
பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாளாம்.
“சாமி, ஒரு பையனைக் கொன்றேன்.
பேர் வைத்தேன், காலுறை பின்னிக் கொடுத்தேன்,
அப்புறம் கொன்றேன்.”
மரச்சட்டத்துக்கு அப்பால் வெறும் மூச்சு.
“தேவைப்பட்டதா?”
“கதைக்குத் தேவைப்பட்டது.
எனக்கு... இனித்தது.”
செபமாலை சொல்லச் சொல்லவில்லை அவர்.
“அவன் அம்மாவிடம் போ” என்றார்.

எட்டாம் அத்தியாயம் அப்படி வந்ததுதான்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்
அம்மா துணி காயப்போடுகிறாள். அவ்வளவே.
பாதியை வெட்டு என்றார் முதலாளி.
நான் ஒரே ஓர் இடத்தைத்தான் தொட்டேன்:
துணிக்கவ்வியைப் பல்லில் கடித்தபடி
அவள் சொன்ன சொல், எழுத்தில் பாதிதான் இருந்தது.
பிழை என்று அடித்தேன்.
ஓரத்தில் எழுதி அனுப்பினாள்: இருக்கட்டும்.
அதுதான் நாலாவது.

அந்தச் சாமியார், ஒமேர் லாம்ப்ரெக்ட்.
எட்டாம் நாவலில் அவரையே வைத்தாள்.
ஏழைகள் உண்டியலில் கைவிட்டு
குதிரைப் பந்தயத்தில் தொலைத்த ஒரு குருவானவர்.
இடது காது மந்தம். கட்டைவிரல் குட்டை.
ஊரே கண்டுகொண்டது.
திருட்டு மட்டும் கற்பனை என்றார்கள்.
எனக்கென்ன தெரியும்.
அடுத்த ஞாயிறு
மூன்றாம் பெஞ்சிலிருந்து எழுந்து வரிசையில் நின்றாள்.
நாக்கை நீட்டினாள்.
அந்தக் குட்டை விரல் அப்பத்தை வைத்தது.
“கிறிஸ்துவின் சரீரம்.”
குரல் ஒரு அரிசி கூடவில்லை, குறையவில்லை.
பத்தொன்பது வருடம், ஞாயிறுதோறும், அப்படியே.

“அதை எழுத வரலை” என்றாள்,
கடைசி நாவலின் தாள்களைத் திருப்பித் தந்த அன்று.
“மூன்று புத்தகம் அதையே சுற்றி வந்துட்டேன்.
துறைமுகம் கண்ணுக்குத் தெரியுது.
உள்ளே வாய்க்கால்தான் தெரியலை.”

பிப்ரவரியில் அடக்கம். படுத்தே பெய்யும் மழை.
லாம்ப்ரெக்டுக்கு எண்பத்தெட்டு. இருவர் தாங்கி வந்தார்கள்.
மறையுரையில் நாவல் என்ற பேச்சே இல்லை.
பிரஸ்ஸல்ஸ் பத்திரிகைக்காரர்கள் நெளிந்தார்கள்.
“ஏலக்கூடத்தில் இவள் எழுதிய எடையை
எந்த மீனவனும் மறுபடி நிறுத்துப் பார்த்ததில்லை” என்றார்.
மந்தக் காதைத் தடவினார்.
“என்னை நிறுத்ததும் சரிதான்.”

கொஞ்ச நேரம் யாரும் இருமவில்லை.
பிறகு, வழக்கம்போல,
காணிக்கைத் தட்டு பெஞ்சு பெஞ்சாக வந்தது.
நான் போகிறவன் அல்ல, சொன்னேனே.
பையில் நூறு பிராங்க் தாள் ஒன்றுதான்.
போட்டேன்.
சில்லறை எடுத்துக்கொள்ளலாம் என்று
அந்தப் பையன் சைகை காட்டினான்.
தட்டை அடுத்தவரிடம் தள்ளினேன்.