கண்டெடுத்தவை

"முன்அனுபவம் தேவையில்லை."
இந்த நாட்டில்
என்னிடம் இல்லாததைக் கேட்காத
முதல் விளம்பரம் அது.
மால்டனுக்கு வெளியே, அறுத்து முடிந்த பார்லி வயல்.

முழங்காலுக்கு ரப்பர் மெத்தை,
கையில் கொத்துக்கரண்டி.
"தோண்ட வேண்டாம், சுரண்டுங்கள்" என்றாள் பிரையனி.
மதியம்வரை சுரண்டியதில் ஒரு சோடா மூடி.
அதற்கும் ஒரு பை, ஓர் எண்.

தூறல் விட்டபின்
மஞ்சள் மண்ணில் வட்டமாய் ஒரு கறுப்பு,
தோசைக்கல் அகலம்.
"தூண் நின்ற இடம்."
தூண் எங்கே?
"மக்கிவிட்டது. இது அது இல்லாமல் போனதின் நிறம்."

கறுப்பை மட்டும் அள்ளினேன்.
எவனோ தோண்டிய குழியை
அவன் நிறுத்திய ஆழம்வரை
மறுபடி தோண்டுகிறேன்.
இடப்பக்கம் ஒரு கல் தடுத்தது.
அவனையும் தடுத்திருக்கும்;
கல்லை விட்டு வளைத்துப் போயிருக்கிறான்,
வைதுகொண்டேதான் போயிருப்பான்.

அளவுகோல் வைத்து, வடக்கே அம்பு வைத்து
வெறும் குழியைப் படம் எடுத்தார்கள்.
படிவத்தில் 'கண்டெடுத்தவை':
ஒன்றுமில்லை என்று எழுதினேன்.
'தோண்டியவர்':
என் பெயர், அப்பா பெயர்,
கட்டம் போதவில்லை.
"கோட்டைத் தாண்டி எழுதுங்கள்" என்றாள் பிரையனி,
"பென்சில்தானே."