அலங்கு

என் சுத்தியலின் எடை அரைக் கிலோ.
இந்த நகரத்துப் பாலங்களை
அதனால் தட்டிக் கேட்பது என் வேலை.
திடமாயிருந்தால் கணீரென்கும்.
தோலுக்கடியில் பிளந்திருந்தால்
பொத்தென்று ஒரு சொல்,
பேசப் பிடிக்காதவர் போனை எடுத்ததுபோல.

ஹெண்டர்சன் சாலைக்கு மேலே
அலையலையாய்ப் புரளும் மரப்பாலத்தில்
கல்யாண ஜோடிகள் படமெடுத்துக்கொண்டிருக்க
தரையில் புரளும் வெள்ளைப் பாவாடையைத் தாண்டிப்போய்த்
தட்டியிருக்கிறேன்.
மரீனாவில் எஃகை முறுக்கி ஒரு பாலம்;
உயிரின் சுருள் வடிவாம்.
இரவானால் நான்கு எழுத்துகள்
சிவப்பும் பச்சையுமாய் எரியும்.
ஒருமுறை ஒரு பச்சை அவிந்து மூன்று வாரம் கிடந்தது.
"அதனால் யாரும் குறையாய்ப் பிறக்கவில்லையே"
என்றான் ரஸ்லான்.

ஆற்று வாயில் கேவனா பாலம்.
அங்கே ஒரு பழைய பலகை:
மூன்று அந்தருக்கு மிஞ்சிய வண்டிக்கும்
மாட்டுக்கும் குதிரைக்கும் அனுமதி இல்லை.
மத்தியான வெயிலில் வங்கிக்காரர்கள்
கழுத்தட்டை ஆட ஆடக் கடக்கிறார்கள்,
சட்டத்துக்குக் கட்டுப்பட்டு,
ஒரு மாடுகூட இல்லாமல்.

புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே இன்னொன்று,
உடுக்கைபோல் இடை சிறுத்தது,
மண் நிரப்பி மரம் நட்டது.
அங்கே தடை எனக்கு.
மேலே கால் வைக்க
மூன்று கையெழுத்து வேண்டும்;
வராதவற்றுக்கு எதுவும் வேண்டாம்,
வருபவற்றுக்கும் வேண்டாம்.

எண்பதுகளில் சாலை வந்து காட்டை வகிர்ந்தது.
பாலம் வர முப்பது வருஷம் கிட்டத்தட்ட.
அதற்குள்
இந்தக் கரை அந்தக் கரையை மறந்திருக்கும்
என்றுதான் நினைத்தேன்.

குணாளன் புக்கிட் பாஞ்சாங்கில்.
நான் அங் மோ கியோவில்.
நடுவே இந்தக் காடு, இந்தச் சாலை,
அம்மாவின் வீடு விற்ற பணம்.
ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள்.
அக்காவும் தம்பியும்
நட்டாற்றிலேயே கேட்டுக்கொண்டோம்,
நீ யார் நான் யார் என்று.
நாலு வருஷமாய் வெள்ளிக்கிழமைதோறும் அனுப்புகிறேன்:
நல்லாருக்கியா. சாப்டியா.
என்னதான்டா கோபம்.
இரண்டு நீலக் கோடு விழும்.
அவ்வளவுதான்.

பத்தாம் தேதி இரவு
ஒரு தடத்தை மூடிக் கூம்புகள் வைத்துக்
கூடை லாரியில் உயர்ந்து
அந்தப் பாலத்தின் அடிவயிற்றைத் தட்டினோம்.
பக்கத்துத் தடத்தில் ஜொகூர் லாரிகள்,
மீன் ஐஸ் வழிய, கோழிக் கூண்டு வாடையோடு.
என் குறிப்பேடு சொல்கிறது:
2.17. வடக்கு வளைவு. ஓசை நன்று.
2.40. டீ.

அடுத்த வாரம் பூங்காத் துறை ஹுய் ஷான்
இரண்டு படம் அனுப்பினாள்,
மேலே மரத்தில் கட்டிய கேமராவிலிருந்து.
முதலாவது 2.17:
சருகின்மேல் செதில் செதிலாய் ஒரு பந்து.
"உங்கள் சத்தம்தான்" என்று கீழே எழுதி
ஒரு சிரிப்பு முகம்.
இரண்டாவது 2.44:
பந்து அவிழ்ந்துவிட்டது.
வால் மட்டும் படத்தின் ஓரத்தில்,
மேற்கே போகிறது.

எறும்புத்தின்னி.
அலங்கு என்றும் அதற்குப் பெயர்.
அலங்குதல் என்றால் அசைதல் என்று
பள்ளியில் செய்யுளுக்குப் பொருள் எழுதிய ஞாபகம்.
இருபத்து மூன்று நிமிடம்
நான் கீழே ஒவ்வோர் அடியாய்,
நல்ல மனசோடுதான்,
உள்ளே ஏதும் உடைந்திருக்கிறதா என்று தட்டத் தட்ட
மேலே அது
தன்னைத் தானே இறுக்கிக்கொண்டு
அலங்காமல் கிடந்திருக்கிறது.

படிவத்தில் 'சுமை' என்றொரு கட்டம்.
வழக்கமாய்க் கோடு போட்டுவிடுவேன்.
இம்முறை 'ஆறு கிலோ, தோராயமாக' என்று எழுதினேன்.
மேலதிகாரி சிவப்பில் அடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது.
'நல்' வரைக்கும் தட்டினேன்.
அழித்தேன்.
சுத்தியலைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டு
டீ போட்டேன்.