மெழுகுக்குள் ஒருத்தி

புது டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்:
"அந்தச் சமயம் வலிக்கு மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?"

போட்டேன்.
செக்கிங் டேபிளில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்
ராத்திரியில் தனியாக முனகும்.
மாதம் நாலு நாள் அடிவயிறு முறுக்கும்.
சூப்பர்வைசர் அக்காவிடம் பிஸ்கட் டப்பா நிறைய
பெயரில்லாத வெள்ளை மாத்திரை.
ஷிப்மெண்ட் வாரமென்றால் கேட்காமலே கொடுப்பார்.
ஒன்றரை வருஷம்.
எத்தனை என்று எண்ணவில்லை,
பனியனைத்தான் எண்ணினேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால்
இதை யாரும் கேட்கவில்லை.
சிறுகுடல் முடிகிற இடத்தில் புண் என்றார்கள்.
வாயில் நுழையாத வெள்ளைக்காரன் பேர் ஒன்றைச் சொல்லி
"ஆயுசுக்கும் இருக்கும்மா" என்றார்கள்.
தலையாட்டினேன்.
ஓட்டை எங்கே என்று சிவப்பு அம்பு ஒட்டுகிறவள் நான்;
ஒட்டினவளை எதிர்த்துக் கேட்ட பீஸை
அதுவரை பார்த்ததில்லை.

முகம் பூசணியாய் உப்பியது.
காங்கயத்திலிருந்து வந்தவர்கள்
ஃபைலைப் புரட்டிவிட்டு
காப்பி ஆறுமுன் எழுந்து போனார்கள்.
(அப்பா ஒளிக்கத்தான் சொன்னார்.
நான்தான் எடுத்து வைத்தேன்.)
கொள்ளுப் பருப்பு கூடாது, பால் கூடாது,
நோம்பிக்கு வீடெல்லாம் ஒப்பிட்டு மணக்க
எனக்குக் குழைந்த சோறு.
பஸ் ஏறினால் ஜன்னலில் நான் தேடுவது
எந்த ஸ்டாப்பில் கக்கூஸ் என்று.

இப்போது கேமரா விட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறதாம்.
மருந்தில் ஆறியதா,
இல்லை, அந்த நோயே வரவில்லையா?
"பழைய சதையைத் திருப்பிப் பார்க்கணும்.
பார்த்தாலும் உறுதியாச் சொல்ல முடியாது."

அதற்காகத்தான் கோயமுத்தூர்,
அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம்.
அங்கே மெழுகுக் கட்டிக்குள் இருக்கிறது
என்னிடம் கிள்ளி எடுத்த குருணையளவு சதை.

கவுண்ட்டர் பையன் ரிஜிஸ்டரில் விரல் ஓட்டினான்.
"கோகிலாமணி. வயசு இருபத்திநாலு...
பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணுங்க்கா?"

வாய் திறந்தேன்.
என்ன வேணும் நான்,
அந்தப் பிள்ளைக்கு?

"சொந்தந்தானுங்க."

முன்னூறு ரூபாய், ஒரு கையெழுத்து.
"வெயில்ல வெச்சராதீங்க, எளகிடும்."
டிபன் டப்பாவில் போட்டு
தண்ணி பாட்டிலோடு சேர்த்து மடியில் அணைத்துக்கொண்டேன்.
திருப்பூர் பஸ் சித்திரை வெயிலைக் கிழித்துப் போகிறது.
எளகாதே, புள்ள.
உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

இருந்தது என்றால்
இந்தப் பதினோரு வருஷத்துக்கு வைத்தியம் என்று பேர்.
இல்லை என்றால்
அதற்கு என்ன பேருங்க டாக்டர்?
அதையும் எந்த ரிஜிஸ்டரிலாவது எழுதுவீர்களா?

கருமத்தம்பட்டியில் வெள்ளரிப் பிஞ்சுக் கூடை ஏறியது.
பத்து ரூபாயை நீட்டிவிட்டேன்,
கை தானாகவே நீண்டது.
பிளந்து கையில் வைத்துக்கொண்டு
கூடைக்காரி கேட்டாள்:
"மொளகாப்பொடி போடட்டுங்களா?"

டப்பாவைப் பார்த்தேன்.

"ஒரு பக்கம் மட்டும் போடுங்க."