ஏழு வரி

மூக்கையூருக்குத் தெற்கே சங்குப் பாரில்
சவரியாபிச்சை வலையில் ஏறியது அது.
தோளில் சாய்த்துக் கொண்டுவந்து
ஸ்டேஷன் ரைட்டர் என் மேசைமேல் கிடத்தினான்.
மேசை போதவில்லை.

வெளியே எட்டுப் பட்டை. வாயெல்லாம் கொட்டலசு.
பதிவேட்டில் 'வகை' என்றொரு கட்டம்;
அதற்காகத்தான் இத்தனையும்.

கொக்கு சுட்டவனிடம் பறித்த நாட்டுத் துப்பாக்கி
பீரோவில் நிற்கிறது.
உள்ளே தண்ணீர்க் குழாய் வழவழப்பு.
ஈயம் சுவருக்குச் சுவர் முட்டி
கல்லுப்பு இறைத்ததுபோல் வெளியே விழும்.

கொட்டலசைச் சுரண்டிவிட்டு
இதன் வாயில் துணி சோப்பை அழுத்தினேன்.
இழுத்தால் நேராக வரவில்லை,
கைக்குள் தானே திரும்பிக்கொண்டு வந்தது.
மேலே ஏழு வரி, சாய்வாக.

"வலம்புரியா, இடம்புரியா?"
சங்கு குளித்தவன் வேறெதைக் கேட்பான்.
வலம்புரி என்றேன்.
அவன் முகம் ஒரு நொடி விலை பேசியது.

எண்ணெய்த் துணி சுற்றிய ஒற்றைக் குண்டைத்
தட்டித் தட்டி இறக்க வேண்டும் இதில்.
அதற்குள் வழவழப்புக்காரன் மூன்று முறை சுட்டிருப்பான்.
சுழன்று போவதுதான் ஆனால் கோணாமல் போகிறது,
எங்கோ ஒரு காட்டில், இருநூறு கெஜத்துக்கு அப்பால்
புல் மேயும் மரை வரைக்கும்.
குழலுக்குள்ளும் மரை.
ஒரே சொல்லை எதற்கு இரண்டுக்கும் வைத்தார்களோ.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.
"இரும்புக் குழாய், ஒன்று. எழுதுமா, போதும்."
எழுதினேன்.

சோப்பை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.
வரி தேய நாலு நாளாயிற்று.