எட்டும் ஒன்பதும்

நான்கு மீட்டர்.
செய்தியில் வராத உயரம்.
நின்றவாக்கிலேயே விழுந்தேன்.
இடது குதிகால்தான் தரையை முதலில் தொட்டது.

முட்டை ஓடு மாதிரி எலும்பு என்றார் எல்ஃபாத்தி டாக்டர், சூடான்காரர்.
முட்டைக்கு எங்கே போவார்,
தேநீர் குடித்த காகிதக் கோப்பையை நசுக்கிக் காட்டினார்.
எக்ஸ்ரே அறை ஜெசிந்தா தமிழில் சொன்னாள்:
"இவ்வளவு மோசமில்ல அண்ணே. ஆனா கிட்டத்தட்ட."

பன்னிரண்டு நாள் காத்திருந்தார்கள்.
வீக்கம் வடிந்து
தோலில் சுருக்கம் விழுந்தால்தான் கத்தியாம்.
சொஹார் துறைமுகத்தில் எனக்காக
ஒரு நாளும் எந்தக் கப்பலும் நின்றதில்லை.
ஒரு சுருக்கத்துக்காக
ஒரு மருத்துவமனை நின்றது.

பிறகு ஒரு தகடு, ஏழு திருகாணி.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன்.
பதினொரு வருடம் சாரம் கட்டியவன்.
எத்தனை ஆயிரம் கப்ளர் இறுக்கியிருப்பேன்,
ஒவ்வொன்றையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகே கீழே இறங்குவேன்.
இந்த ஏழையும் ஆட்டிப் பார்க்க வழியில்லை.
யாரோ முகமூடி போட்டவர் இறுக்கியது.
நம்பித்தான் மிதிக்கிறேன்.

வெட்டின் மூலை மட்டும் ஆறவில்லை, ஐந்து வாரம்.
ஒரு பருக்கை அளவு ஈரம்.
அதைப் பற்றி வீட்டுக்குச் சொல்லவில்லை.
நன்றாக ஆறிவிட்டது என்றேன்,
மூலையைத் தவிர என்பதை விழுங்கிவிட்டு.

ஒரு வருடம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை,
ஜெசிந்தா ஒரு படிவத்தோடு உட்கார்ந்தாள்.
நூற்றுக்கு மதிப்பெண்.
வலி உண்டா?
காலையில் முதல் ஆறு அடி.
எத்தனை தெரு நடப்பீர்கள்?
இங்கே தெரு ஏது, கேட்தானே உண்டு.
மூன்றாம் கேட்டிலிருந்து நான்காம் கேட் வரை, வெயில் இறங்கினால்.
மேடுபள்ளத்தில் நடக்க முடிகிறதா?
பாதம் இடம் வலம் சாயாது, மூட்டு பூட்டிக்கொண்டது.
மணலில் நடந்தால்
மணல்தான் சாய்கிறது.

ஏணி ஏறுவீர்களா என்று கேட்கவில்லை.
குத்துக்காலிட்டு உட்கார்வீர்களா என்று கேட்கவில்லை.
சம்பளம் எவ்வளவு குறைந்தது என்று கேட்க
அந்தத் தாளில் கட்டமே இல்லை.

எழுபத்தெட்டு.
"நன்று" என்று எழுதிக் கையெழுத்திட்டார் டாக்டர்.
பொய் இல்லை, நல்ல வேலைதான் செய்திருக்கிறார்.
சாரத்தில் நாங்கள் மூன்று அட்டை தொங்கவிடுவோம்:
பச்சை, ஏறலாம். சிவப்பு, தொடாதே.
மஞ்சள், ஏறலாம், ஆனால் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு.
என் காலுக்கு மஞ்சள் என்றேன்.
ஜெசிந்தா அதை மொழிபெயர்க்கவில்லை.

எலும்பு சேர்ந்தது, ஆனால் அகன்று சேர்ந்தது.
இடதுக்கு ஒன்பது, வலதுக்கு எட்டு.
ஒற்றைச் செருப்பு விற்கும் கடை
சொஹாரில் இல்லை, எங்குமே இல்லை.
வலதில் துணி திணித்து ஓட்டினேன்.

கேம்ப் சாப்பாட்டுக்கூடத்தில் ரொட்டி சுடும் தில்பகதூர்
ஒருநாள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு ஷூவைக் கழற்றினான்.
பிறக்கும்போதே உள்ளே திரும்பிய இடது பாதம்,
ஏழு வயதில் அறுத்து நிமிர்த்தியது,
கணுக்காலில் தையல் தடம் வெள்ளையாய், பழசாய்.
கெண்டைக்கால் மெலிந்திருந்தது.
இடது எட்டு, வலது ஒன்பது.

நேபாளி எனக்கு வராது, தமிழ் அவனுக்கு வராது.
விரலால் எண்ணிக் காட்டினோம்.
மறுபடி எண்ணினோம்.
அவன்தான் முதலில் சிரித்தான்.

இரண்டு ஜோடி வாங்கினோம், பாதிப் பாதிக் காசு.
கடைக்காரர் ஒரே பெட்டியில்
எட்டையும் ஒன்பதையும் கலந்து வைத்ததைப் பார்த்து
தப்பு, தப்பு என்று மாற்றி வைத்தார்.
நாங்கள் திரும்பக் கலந்தோம்.

என்னுடையது இப்போது வெளிப்பக்கம் தேய்கிறது,
அவனுடையது முன்பக்கம்.
மார்ச்சில் அவன் விசா முடிகிறது.

மேலே யாரோ ஸ்பேனர் கேட்கிறார்கள்.
கயிற்றில் கட்டி அனுப்புகிறேன்.
ஏணிக்குக் கால் இரண்டும் சமம்தான்,
இருந்தாலும் பிடித்துக்கொள்கிறேன்.