31 ஸ்ரீ

இரவுக் கடமை காலை ஏழு மணிக்கு முடிந்தது.
உடுப்பை மாற்றினேன், சப்பாத்தை மாற்றவில்லை.
அதை எப்படியும் சேறு கழுவும்.

ஏறாவூர்ச் சந்தியில் ஒக்கஸ்,
31 ஸ்ரீ லேண்ட் ரோவரை நிற்பாட்டாமலே காத்திருந்தான்.
நிற்பாட்டினால் அது திரும்ப எழும்பாது.
எழுபத்தெட்டாம் ஆண்டுச் சாமான்.
கிளச் ஒரு பழைய பஸ்ஸுடையது,
ஹோர்ன் ஓர் ஐஸ்பழக்காரனுடையது,
மிச்சமெல்லாம் ஒக்கஸின் தகப்பனுடைய வெல்டிங்.
பின்னால் நிஸ்பர்.
மடியில் றொட்டிப் பார்சல், கால்மாட்டில் கம்பிவடம்.

ஒக்கஸும் நானும் அம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள்.
நிஸ்பர் பின்னாலிருந்து நெஞ்சை அமத்துகிறவன்.

வேலை நாளில்
கொழும்பில் ஏதோவொரு திரையில் நான் ஒரு பச்சைப் புள்ளி.
மூன்று நிமிடம் அசையாவிட்டால்
புள்ளியிடம் கேட்பார்கள்: ஏன் நிற்கிறாய்?
ரயில் கேட் என்பேன். மாடு என்பேன்.
ஒருமுறை கல்லடிப் பாலத்தில்
ஒன்றுமே சொல்லாமல் இருந்தேன்.
இனி அவசரமில்லை என்பதற்கு
எந்த வாயைத் திறப்பது.

உன்னிச்சை தாண்டி
யானைவேலிக்கு அப்பால் கிறவல் முடிகிற இடத்தில்
போனில் கோடுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன.
கடைசிக் கோட்டுக்கு நிஸ்பர் கைதட்டினான்.

இங்கே விதி ஒன்றுதான். புதைய வேண்டும்.
புதையாமல் திரும்பினால் அடித்த டீசல் வீண்.

யானை குளித்த பள்ளம் ஒன்று, மார்கழித் தண்ணீர்.
ஒக்கஸ் சின்னக் கியரைப் போட்டான்.
நாலு சில்லும் பிடித்தன,
பிறகு மூன்று,
பிறகு ஒன்றுமில்லை.
சேறு கதவுவரை வந்து உள்ளே எட்டிப் பார்த்தது.
எஞ்சின் இரண்டுதரம் இருமி நின்றது.
"போச்சு" என்றான் ஒக்கஸ்.

வேலை நாளில் நாங்கள் சொல்லக்கூடாத சொல் அது,
டொக்டர்தான் சொல்லவேண்டும்.
வயிறு நோகச் சிரித்தோம்.

பாலைமரத்தின் தோல் காயப்படாமலிருக்க
கழித்துவிட்ட ஸ்ட்ரெச்சர் பெல்ட்டைச் சுற்றி
அதில் வடத்தைக் கொளுவினோம்.
கை விஞ்ச். ஒரு மூச்சுக்கு ஒரு பல்.
எவ்வளவு நேரம் எடுக்குமென்று யாரும் கேட்கவில்லை.
பாதியில் விட்டுவிட்டு றொட்டி தின்றோம்,
சம்பல் உறைப்பில் கண் கலங்கியது.
அது சம்பல்தான்.

அப்போது வயல் பக்கமிருந்து
சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு மனிசன்
இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடிவந்தார்.

மூன்று பேரும் ஒரேயடியாக எழும்பினோம்.
நிஸ்பர் றொட்டியைச் சேற்றில் போட்டுவிட்டு
இல்லாத கையுறையைப் பைக்குள் துழாவினான்.
நான் கணக்குப் போட்டேன்:
கரடியனாறு ஆஸ்பத்திரி எத்தனை கட்டை,
வண்டி கிடக்கிற கிடை இது,
ஆளைத் தூக்குவதானால் முதுகிலா, எதிலாவது கிடத்தியா.
ஒக்கஸ் அதற்குள்
பின்கதவின் பிணைச்சலைக் கழற்றத் தொடங்கியிருந்தான்.

"தம்பிமார், கொம்பு உடைஞ்ச எருமை ஒண்டு
இஞ்சால வந்ததா?"

இல்லை என்றோம்.
அவர் மூச்சு வாங்கிக்கொண்டே வண்டியைப் பார்த்தார்.
"இது எப்பிடிப் புதைஞ்ச?"
"நாங்கதான் புதைச்ச."
"ஏன்?"

திரைக்காரர்களுக்கென்றால் ஒரு மாடாவது சொல்லியிருப்பேன்.

அவர் எங்களைக் கொஞ்சநேரம் பார்த்தார்,
நடு இரவில் சிலரை
நாங்கள் பார்ப்பதைப்போல.
பிறகு எருமையின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு
பற்றைக்குள் போனார்.
இராசாத்தி. இராசாத்தி.
கனநேரம் கேட்டது.

நாலு மணிக்குச் சேறு விட்டது,
விடுகிறபோது ஒரு சத்தம், முத்தம் மாதிரி, அசிங்கமாக.
தள்ளி எழுப்பினோம்.
பின்கதவு ஒற்றைப் பிணைச்சலில் ஆடியாடி வந்தது.
ஒக்கஸ் அதைப் பூட்டவில்லை,
நாங்களும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய ஆளைப்பற்றி
நிஸ்பர் ஒருநாளும் விசாரித்ததில்லை.
ஏழு வருடம்.
செங்கலடியில் போனுக்கு முதல் கோடு வந்தபோது
இருட்டுக்குள்ளிருந்து கேட்டான்:
"அந்த எருமை கிடைச்சிருக்குமாடா?"